யூ வன்லா போட்ட ஓட்டைகள்

தேயிலைக்குப் பேர்போன மெங்ஹாய் ஊரில் யூ வன்லாவுக்கு வேலை, இரண்டு வயதுத் தேயிலையை முப்பது வயதாக்குவது. அவளுடைய முதலாளி லுவோ, பழசாக ஆக விலை ஏறும் பூஏர் தேயிலையை இணையத்தில் விற்கிறவர். வரட்டி போல அழுத்திய தேயிலை வட்டைச் சுற்றும் காகிதத்தில் கெட்டியான தேநீரைத் தடவிக் காயவைப்பாள். பிறகு பூச்சி அரித்ததுபோல ஊசியால் ஓட்டை போடுவாள். நிஜப் பூச்சியையே விடலாமே என்றார் லுவோ. வேலை முடிந்ததும் அதைக் கொல்ல வேண்டிவருமே என்று வன்லா மறுத்துவிட்டாள். கொல்லாமை, பொய் சொல்லாமை முதலான பஞ்சசீலம் காப்பவள் அவள். ஓட்டைதான் நம்முடையது, பொய் வருடத்தை அச்சடிப்பது முதலாளி என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். எந்தக் காகிதமானாலும் முதல் மூன்று ஓட்டைகளை ஓரத்தில் முக்கோணமாகப் போடுவாள். புத்தருக்கு ஒன்று, தம்மத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று.

மகளுக்குக் குன்மிங்கில் வரன் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா டுவான், அரசு அலுவலகத்தில் இருப்பவர், பேசி முடிக்க வந்தார். வந்ததும் ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.

"சம்பந்தியம்மா, முப்பது வருஷத்துச் சரக்கு! ஆன்லைன்ல நாலு மாசம் தேடிப் பிடிச்சேன். பூச்சி எப்படி அரிச்சிருக்கு பாருங்க. இதையெல்லாம் மனுஷன் போலியாப் பண்ண முடியுமா?"

காகிதத்தின் ஓரத்தில் மும்மணிகளுக்கான மூன்று ஓட்டைகளும் முக்கோணமாக இருந்தன.

மகள் தேநீர் ஊற்றினாள். டுவான் கண்ணை மூடி உறிஞ்சினார். "ஆஹா, கற்பூர வாசனை! மெங்ஹாய்க்காரங்க நீங்க, குடிச்சிட்டு வயசு சொல்லுங்க."

முப்பது என்றால் சொந்த வாயாலேயே பொய். இரண்டு என்றால் கல்யாணம் போச்சு. மகள் அம்மாவின் தொடையைக் கிள்ளினாள்.

"ரெண்டு," என்றாள் வன்லா. "கோவிச்சுக்காதீங்க. அந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது."

டுவான் கிண்ணத்தை வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதுல ரெண்டு வட்டை எங்க மேலதிகாரிக்குக் கொடுத்தேன்மா. குடிச்சிட்டு அழுதுட்டாரு. செத்துப்போன தாத்தா ஞாபகம் வந்துருச்சாம். எனக்குப் பதவி உயர்வும் போட்டுட்டாரு."

"ஐயோ!"

"என்ன ஐயோ? வந்த பதவியத் திருப்பிக் கொடுக்கவா? உங்க மழைக்கால விரதத்துல கல்யாணம் கூடாது, அது முடிஞ்சதும் வெச்சுக்கலாம். ஆனா அவரும் வருவாரு. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாருன்னா..."

"கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"தெரியுது. அதனால அவரு பந்தியில மட்டும் நீங்க உக்காராதீங்க. போதும்."

அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று எந்தச் சீலத்திலும் இல்லை. கல்யாணத்தன்று சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை என்று வன்லா நிம்மதியாக வாக்குக் கொடுத்தாள்.