அட்டையின் பின்பக்கம் ஒரு பானை

தபால்காரர் வந்தபோது நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் பெயருக்கு வரும் எதையும் இனி வேறு யாரும் படித்துச் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். போன பொங்கலிலிருந்துதான் எனக்குப் படிக்க வருகிறது. அறுபத்தொரு வயதில், லாலாகுடா ரயில்வே காலனியில் மாலையில் நடக்கும் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஆகையால் கார்டை வாங்கியதும் மனைவியைக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். 'அன்புடையீர்' வந்தது. 'என் மனைவி' வந்தது. 'விசாலாட்சி' என்ற பெயரை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எப்படி என்பதுபோல மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த சொல்லைக் கூட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. 'காலமானார்.' அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை. மனைவிதான் எழுந்து வந்து கார்டைப் பிடுங்கினாள்.

"இன்னாய்யா, ஓரமெல்லாம் கறுப்பா கீதே, பாக்கலியா? இத்தப் போயி சிரிச்சிக்கினு படிக்கிறியே."

சாவுச் செய்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே நாலாகக் கிழித்துப் போட்டாள். நான் எழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கறுப்பைப் பார்க்கவில்லை. விசாலாட்சி மேடம் மியூசியத்தில் அடிக்கடி சொல்லும் வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது. "அட்டையப் படிக்கிறவங்க படத்தப் பாக்கறதில்ல கோவிந்தன்."

அவரை அறிந்தவர்கள் நம் செகந்திராபாத் தமிழர்களில் பலர் இருக்கிறீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விசாலாட்சி மேடம் நகரத்து ஓவிய மியூசியத்தில் கண்காட்சிப் பிரிவின் அதிகாரி. ஐம்பத்து நான்கு வயது. நோய் என்று ஒரு நாள் படுத்ததில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், கால் சோர்ந்ததுபோல உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். குளிர்காலக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. அதன் முதல் நாள் நான் போய் அவர் முன்னால் நின்று ஒரு விஷயத்தைச் சொல்வதாக இருந்தேன். பதினான்கு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். படிக்கத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அப்போது தெரியாது என்று சொல்வது அவ்வளவு கடினமில்லை என்று தோன்றியது. அதற்காகத்தான் காத்திருந்தேன்.

நான் அங்கே அட்டெண்டராக இருந்தவன். படங்களைச் சுவரில் மாட்டுவதும், ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் விவர அட்டையைக் குண்டூசியால் குத்துவதும் என் வேலை. வருஷத்தில் மூன்று கண்காட்சி. கோடையில் பிள்ளைகள் வரைந்த படங்கள். மழைக்காலத்தில் பழைய தக்காணத்துச் சின்னச் சின்ன ஓவியங்கள். குளிர்காலத்தில் இந்தக் காலத்து ஓவியர்களின் பெரிய படங்கள். மழைக்காலத்தில் பழைய காகிதத்தை வெளியே எடுத்தால் ஈரம் ஏறிவிடும் என்று மியூசியம் டைரக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், இதுல பாதிப் படத்துல மழை பெய்யுது. அதை வெயில்ல காட்டினா ஜனங்களுக்கு என்ன புரியும்?" என்று மேடம் கேட்டார். கூடத்தின் நாலு மூலையிலும் சட்டியில் கரி போட்டு வைத்து ஈரத்தைப் பார்த்துக்கொண்டார். வெளியே மழை கொட்டும்போது உள்ளே மழைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் கேட்டது நியாயம் என்று.

தினமும் மாலை கூடத்தைப் பூட்டும்போது ஒரு கேள்வி கேட்பார். "கோவிந்தன், இன்னைக்கு என்ன பாத்தீங்க?" எனக்கு அட்டையைப் படிக்கத் தெரியாததால் படத்தை மட்டும்தான் நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு நாள் சொன்னேன். வீணை வாசிக்கும் பெண்ணைச் சுற்றி ஐந்து மான்கள் நிற்கின்றன. நாலு மான்களின் காது அவள் பக்கம். ஒரு மானின் காது மட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அது வேறு எதையோ கேட்கிறது. மேடம் திரும்பவும் விளக்கைப் போட்டுப் போய்ப் பார்த்தார். "பத்து வருஷமா இந்தப் படத்தப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

படிக்கத் தெரியாதவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கையெழுத்தை ஒரு கோலம்போலப் பழகி வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் தெரியும், இரண்டு எண்கள் சேர்ந்து நின்றால் குழம்பிவிடுவேன். மேடம் அட்டைகளை மாட்டும் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகப் படத்தின் பெயரை மட்டும் சொல்லி என் கையில் கொடுப்பார். முதலில் யானை, அடுத்தது பருந்து, அடுத்தது மான் என்று நான் மனதில் வைத்துக்கொள்வேன். நாலு வருஷம் ஒரு தவறும் நடக்கவில்லை.

ஐந்தாவது வருஷத்து மழைக்காலம். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி திறந்துவைக்க வருகிறார். ஏணியில் நின்றபடி அட்டை குத்திக்கொண்டிருந்தேன். கடைசியாக ஆறு அட்டைகள் மிச்சம். கை நழுவி அந்த ஆறும் கீழே விழுந்து சிதறின. மேடம் வாசலில் பூ அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன். எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார். கையில் வந்ததை வந்தபடி குத்தினேன். திறப்பதற்கு முன் மேடம் எப்போதும் ஒரு சுற்று வந்து சரிபார்ப்பார், தவறு இருந்தால் அவரே மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கென்று அதிகாரி அரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார்.

பருந்தைக் கையில் ஏந்தி நிற்கும் சுல்தான் படத்தின் கீழ் அவர் குனிந்து படித்தார். காதலனை நினைத்து மழையில் வாடும் பெண் என்று அதில் இருந்ததாம். அவர் சிரித்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டரின் முகம் இருண்டது. அந்தக் களேபரத்தில் மேடம் அவர்களை முந்திக்கொண்டு போய், யானைப் படத்தின் கீழிருந்த அட்டையைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டதை நான் பார்த்தேன். ஆறும் தப்பாக இருக்க, அந்த ஒன்றை மட்டும் ஏன் எடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"யாரு இத மாட்டினது?" என்று டைரக்டர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"நான்தான் சார். என் தப்பு" என்றார் மேடம்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். படிக்கத் தெரியாது என்று வெளிப்பட்டால் வேலை போய்விடும். வாயைத் திறக்கவில்லை. மேடத்துக்கு மெமோ வந்தது. டெல்லியில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது வேறொருவருக்குப் போனது.

அடுத்த கண்காட்சியிலிருந்து ஒரு புது வழக்கம். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் பென்சிலால் சின்னதாக ஒரு படம் இருக்கும். அதே படம் ஓவியத்தின் சட்டத்துக்குப் பின்னாலும் இருக்கும். கிளி, குடை, பூட்டு, செருப்பு. "எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு கோவிந்தன். இப்படிப் போட்டு வெச்சாதான் எனக்கு நிக்கும்" என்றார். நான் நம்பினேன். காவலாளி காசிம் பாய் ஒரு தடவை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "க்யா மியா, மேடம் பில்லி சூஹா பனா ரஹே?" என்று கேட்டார். பூனையும் எலியுமாக வரைகிறாரே என்று. "ஹவ் பாய், உமர் ஹோ கயி" என்றேன். வயதாகிவிட்டதாம், நாற்பது வயதுக்காரருக்கு. இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ஒரு குளிர்காலத்தில் பெரிய படங்களில் இருபதை லாரியில் ஏற்றி, பாலாநகர் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் கொண்டுபோய் மாட்டினோம். மேடத்தின் யோசனைதான். அவற்றில் ஒன்றில் உருவமே இல்லை. சிவப்பும் கறுப்புமாக அப்பியிருந்தது. அதற்கு என்ன அடையாளம் வரைவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "இது உங்களுக்கு என்ன மாதிரி தெரியுது?" என்று என்னைக் கேட்டார்.

"அடிப்பிடிச்ச சாம்பார் மாதிரி கீதும்மா."

ஒரு பானை வரைந்துவிட்டார். மதியம் தட்டோடு வந்த ஒரு ஃபிட்டர் அந்தப் படத்தின் முன் நின்று, "மேடம், நம்ம கேன்டீன் சாம்பார இவர் எப்ப வந்து பாத்தாரு?" என்றார். மேடம் என் பக்கம் திரும்பாமல், சிரிப்பை அடக்கத் தோள் குலுங்க நின்றார். இப்படிப் பதினோரு வருஷம், நான் ரிடையர் ஆகும் வரை, ஒரு அட்டைகூட மாறவில்லை.

கார்டு வந்த மறுநாள் தார்நாகாவில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் ராமநாதன் சார், ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசைமேல் குளிர்காலக் கண்காட்சிக்கு மேடம் எழுதிய அட்டைகள் பாதியில் கிடந்தன. பழக்கத்தில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இன்னொன்றைத் திருப்பினேன். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் திருப்பினேன். எனக்குப் பிறகு வந்த அட்டெண்டர் பத்தாவது வரை படித்தவர். நான் ரிடையர் ஆனதோடு மேடத்தின் மறதியும் போயிருக்கிறது.

சார் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். "இதெல்லாம் என்னன்னு பாருங்க கோவிந்தன். எனக்கு ஒண்ணும் புரியல. கிளியும் கோழியுமா இருக்கு."

பழைய அட்டைகள். குடை இருந்தது, பூட்டு இருந்தது, பானை இருந்தது. அடியில் ஒன்றின் பின்னால் மட்டும் படம் இல்லை. முன்பக்கம் திருப்பினேன். ஆங்கிலம். எனக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துதான் தெரியும். அவற்றில் ஒன்று, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக் கூரைபோல நிற்கும் முதல் எழுத்து. அது கால் ஊன்றி நிற்கும்படி அட்டையைப் பிடித்தேன். குண்டூசித் துளை இரண்டும் அடியில் இருந்தன. நாங்கள் எப்போதும் மேலேதான் குத்துவோம்.

தலைகீழாகக் குத்தியிருக்கிறேன்.

ஆறு அட்டை இடம் மாறினால், அது அடுக்கினவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஓர் அட்டை தலைகீழாக நின்றால், மாட்டினவனுக்கு எழுத்தே தெரியாது என்று பார்த்தவுடன் தெரியும். மேடம் அதை மட்டும்தான் ஓடிப்போய் எடுத்திருக்கிறார். பதினான்கு வருஷம் நான் மறைத்து வைத்திருந்ததை அந்த நிமிஷமே பார்த்து, பார்த்ததை அவர் மறைத்திருக்கிறார். அட்டையைச் சாரிடம் நீட்டினேன். "இதுல என்ன எழுதியிருக்குது சார்?" என்று கேட்டேன்.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தமிழில் படித்துச் சொன்னார். "வீணை வாசிக்கும் பெண்ணும் மான்களும். நாலு மான்கள் இசையைக் கேட்கின்றன. ஒன்று மட்டும் வேறு எதையோ கேட்கிறது."

நான் சொன்னது அது. ஒரு மாலையில் கூடத்தைப் பூட்டும்போது நான் சொன்னது, அச்சாகி, என் கைக்கே வந்து, நானே அதைக் கவிழ்த்துக் குத்தியிருக்கிறேன்.

மேடத்திடம் சொல்ல வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். "சார், அன்னைக்கு லேபிள மாத்தினது நான்தான். எனக்குப் படிக்க வராது. அம்மாவுக்கு மெமோ வந்தப்ப சும்மா நின்னுட்டேன்."

"தெரியுமே" என்றார் சார். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னா. மெமோ குடுத்தா வாங்கிக்குவேன், என் தப்புதான்னா. 'நாலு வருஷம் கூட வேலை பாத்திருக்கேன், அவருக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியல. அட்டையக் கையில குடுத்துட்டா என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்திருக்கேன், இது யார் தப்பு'ன்னு என்னையே கேட்டா."

"டெல்லி சான்ஸு போச்சே சார்."

"டெல்லில என்ன இருக்கு, குளிரு. அவளுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு, சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மேடத்துக்கு எந்தக் காலத்தைவிடவும் குளிர்காலம்தான் பிடிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இதை எழுத எனக்குப் பதினாறு நாள் ஆயிற்று. நடுவில் குளிர்காலக் கண்காட்சி திறந்தது. போனேன். அட்டைகள் எல்லாம் நேராக இருந்தன. வெகு நேரம் படங்களைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குக் கூடத்து வாசலில் நின்றேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்க ஆள் வரவில்லை.

அந்த மான் அட்டையைச் சாரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். சாவுக் கார்டைக் கிழித்த மனைவி இதைக் கிழிக்கவில்லை. வீட்டுச் சுவரில், பழைய துளைகளிலேயே குண்டூசி குத்தி மாட்டினேன். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்தாள்.

"மாமா, அட்ட தலைகீழா இருக்கு."

"தெரியும்மா" என்றேன்.