பாசி எண்ணெயில் ஒரு விளக்கு

உலகப்பனின் தொழில் பாசியைக் கொல்வது. கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவுவார். பிறந்தது ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். குடியிருப்பு கொட்டாஞ்சேனையில்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம், தன் ஓட்டோவுக்குள் முடங்கிக் கிடந்தபோது போனில் ஒரு வீடியோ பார்த்தார். பாசி வெயிலைத் தின்று தனக்குள் எண்ணெய் சேர்க்கிறதாம். அதில் வண்டிகூட ஓடுமாம். வரிசை பிறகு இல்லாமல் போனது. அவர் கண்ணுக்குள் மிதந்த பச்சை மட்டும் போகவில்லை.

போன வருஷம், ஒரு தொடர்மாடியின் சொந்தக்காரர் மீரா சாஹிபிடம், மொட்டைமாடியில் சும்மா கிடந்த சீமெந்துத் தொட்டியைக் கேட்டார்.

“கார்த்திகை வரைக்கும் தாங்க மொதலாளி. இதுல எடுத்த எண்ணெயில வெளக்கேத்திக் காட்டுறேன்.”

“ஒரு மணித்தியாலம் எரிஞ்சா தொட்டி ஒங்களுக்கு. எரியாட்டி?”

“நானே கழுவித் தாறேன்.”

“நுளம்பு வந்தா ஒங்களயும் சேத்துக் கழுவுவன்!”

நுளம்பு முட்டையிடாதபடி உலகப்பன் தொட்டியை வலை போட்டு மூடினார். வெயிலில் தண்ணீர் பாசியால் மெல்ல மெல்லத் தடித்தது. பின்னேரங்களில் கையை உள்ளே விட்டபடி கடலைப் பார்த்து நிற்பார். கொழும்பின் மொட்டைமாடியெல்லாம் தேயிலை மலைபோலப் பச்சையாகிவிடும். காலிக்குப் போகும் வீதியில் பஸ்கள் நேற்றைய வெயிலில் ஓடும். அப்படியொரு நினைப்பு.

அறுவடை நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பழைய வேட்டியில் வடித்த பாசி, வீட்டில் ஈரமாகவே கிடந்து நாறியது.

“காஸ் அடுப்புல வச்சு வறுத்துடுங்களேன்,” என்றாள் மனைவி சீதை.

“வர்ற எண்ணெயவிட செலவாகிற காஸ் ஜாஸ்தி.”

“அப்ப அந்தக் காஸையே வெளக்குல ஊத்துங்க!”

சிரித்தாள். ஆனாலும் வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவள்தான் பாசியை வெளியே பரப்பினாள், தூறலுக்கு உள்ளே அள்ளினாள். காய்ந்த பொடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, ஸ்பிரிட் பறந்த பிறகு மிஞ்சியது ஒரு கரண்டி கரும்பச்சை எண்ணெய். அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு கரண்டி.

கார்த்திகை அன்று மொட்டைமாடிக்கு மேல் நிலா வந்தது. உலகப்பன் திரியைப் பற்றவைத்தார். சுடர் கடற்காற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, நின்றது. அவர் இரு கைகளாலும் காற்றை மறைத்தார். கீழே பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ரயில் கரையோரமாகத் தெகிவளைப் பக்கம் போனது. அதன் சத்தம் அடங்கும்போது திரியில் கசடு படிந்து சுடர் புகைந்தது. பிறகு அணைந்தது.

“மீன் மணக்குது,” என்றார் மீரா சாஹிப். திரியைக் குனிந்து பார்த்துவிட்டு, “எரிஞ்சது எரிஞ்சதுதான் உலகப்பன். ஆனா...”

“தெரியும் மொதலாளி. காலையில கழுவிடுறேன்.”

காலையில் அடைப்பைப் பிடுங்கினார். பச்சைத் தண்ணீர் குழாயில் இறங்கி, தெருவோரக் காணில் ஓடி, கால்வாயில் கலந்தது. சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கால்வாய் கடல்வரைக்கும் ஏற்கெனவே பச்சையாகத்தான் கிடந்தது. அதுவும் ஒரு தொட்டிதான், யாரிடமும் தவணை கேட்க வேண்டாத தொட்டி.

போனை எடுத்தார்.

“சீதை, நம்மகிட்ட பழைய வேட்டி இன்னும் இருக்கா?”

“எதுக்கு?”

“சும்மாதான் கேட்டேன்.”