மாப்பிள்ளையின் கார்பன் சைக்கிள்

மாப்பிள்ளை அந்தக் கறுப்பு சைக்கிளை இரண்டே விரலில் தூக்கிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தட்டில் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் பசியாறும் கடை. அதன் பக்கவாட்டுச் சுவரில் பதினைந்து பதினாறு சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அவர் சீட்டுக்குக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொடுத்துத் தூக்கினார். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, முன்சக்கரமும் எழும்பியது, வண்டி அப்படியே காற்றில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. இப்போது அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். வீடு கிள்ளானை அடுத்த மேருவில். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது என்று தங்கை புலம்பியதால், எங்கள் சைக்கிள் கூட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். நான் ‘மாப்ள’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பல் டாக்டரிலிருந்து வக்கீல் வரை அனைவருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். அவரும் அதை மறுத்ததில்லை.

எங்கள் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஓட்டி முடித்தபின் சுவரோரமாக நடக்கும். யாராவது புதிதாக ஒரு பாகம் மாட்டிவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு குவளை தே அவர் கணக்கு. அதற்குப் பதிலாக நாங்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கிவிட்டு, ‘அட’ என்று புருவத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் மனிதர் ஒரு வாரம் பேசமாட்டார். பல் டாக்டர் தன் சீட்டுக் கம்பியின் எடையைப் பற்றி, தன் பிள்ளையின் பரீட்சைத் தேர்ச்சியைச் சொல்வதைவிடப் பெருமையாகச் சொல்வார். வக்கீல் நாலு போல்ட்டுகளை மாற்றி ஒரு கைப்பிடி அரிசி எடையைக் குறைத்துவிட்டு, அதைக் கொண்டாட இரண்டு நெய்த்தோசை சாப்பிடுவார். வயிற்றைக் காட்டி யாராவது கேட்டால், ‘அது என்னோடது லா, வண்டியோடது இல்ல’ என்பார்.

இந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. என் வண்டி பழைய இரும்பு பிரேம்தான். ஆனால் நான் ரயில் பட்டறைக்காரன். சக்கரத்தையும் அச்சையும் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிப் பழகிய காது என்னுடையது. மற்றவர்களுடைய எடை குறைந்த கார்பன் பிரேம் விழுந்து அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே விரிசல் விட்டிருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தவர்கள் வண்டியை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் சட்டைப் பையிலிருந்து ஐம்பது காசு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போவேன். பேச்சு நின்றுவிடும். டாக்டரும் வக்கீலும் என் வாயையே பார்ப்பார்கள். கடையின் முதல் தூணருகே, நிழலில், என் இரும்பு வண்டிக்கென்று ஓரிடம் விட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் எழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மாப்பிள்ளை கறுப்பு சைக்கிளோடு வந்த அன்று அந்தத் தூணருகே அவர் வண்டி நின்றது. அவர் வைக்கவில்லை. பல் டாக்டர் தன் கையால் என் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அதை அங்கே வைத்தார். காஜாங்கில் யாரோ வெளிநாட்டுக்குக் குடிபோகும் அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போன வண்டி. டாக்டர் வைத்திருந்ததைவிட உயர்ந்த ரகம். கறுப்பு என்றால் வெறும் கறுப்பில்லை. வெயில் பட்டால் உள்ளே நெசவு போட்டதுபோல் ஓர் இழையோட்டம் தெரியும். மாப்பிள்ளைக்கு அதன் அருமை முழுதாகத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

டாக்டரின் சைக்கிளைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. டாக்டர் டாக்டர்தானே, வாங்கத்தான் செய்வார் என்று போய்விடுவேன். மாப்பிள்ளை அப்படியல்ல. என்னைப் போலவே கையில் கிரீஸ் கறையோடு வீடு திரும்புகிறவர். நான் கூட்டி வந்தவர். என் பின்னால் ஓட்டி, எதிர்காற்றுக்கு என் முதுகில் ஒதுங்கிப் பழகியவர். அந்த வண்டியில் ஏறிய மூன்றாவது வாரமே மேருவுக்குப் போகும் சாலையில் என்னைத் தாண்டிப் போனார். தாண்டும்போது, ‘மச்சான், மெதுவா வாங்க, நான் முன்னுக்குப் போயி தே சொல்லி வைக்கிறேன்’ என்றார். அதில் கிண்டல் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பி ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். தங்கை வேறு போன் செய்து, அவர் அந்த வண்டியைத் தன் குளியல் துண்டால் துடைக்கிறார், பிள்ளைகளைக்கூடத் தொட விடுவதில்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோஷமும் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கேட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம்.

“மச்சான், இது இன்னொருத்தரு ஓட்டுன வண்டி. எங்கயாச்சும் அடி பட்டிருக்கான்னு நீங்க ஒரு தடவ தட்டிப் பாத்து சொல்லிடுங்க. நீங்க சொன்னா எனக்கு நிம்மதி.”

நாணயத்தை எடுத்தேன். மேல் குழாயைத் தட்டினேன். கீழ்க் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தேன். தெளிவான, வறண்ட ஓசை. புது மூங்கிலைத் தட்டினால் வருவதுபோல. அப்படியொரு நல்ல பிரேமை நான் அதுவரை தட்டியதில்லை. பெடல் அச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் ஓசை கொஞ்சம் மந்தமானது. அங்கே மந்தமாகத்தான் கேட்கும். குழாய்கள் சேருமிடத்தில் கார்பனைத் தடிமனாகப் போட்டிருப்பார்கள். எந்த வண்டியைத் தட்டினாலும் அந்த இடத்தில் அப்படித்தான். இது எனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாது.

அங்கேயே நிறுத்தினேன். இன்னொரு முறை தட்டினேன். மூன்றாம் முறையும் தட்டினேன். “இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் மாறிக் கேக்குது, மாப்ள” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் பொய் கிடையாது. டாக்டர் என்னிடமிருந்து நாணயத்தை வாங்கித் தானும் தட்டிப் பார்த்து, ‘ஆமா லா, சவுண்டு வேற மாதிரி வருது’ என்றார். வக்கீல் தனக்குத் தெரிந்த ஒருவர் இறக்கத்தில் போகும்போது கார்பன் பிரேம் இரண்டாக முறிந்து தாடை பெயர்ந்த கதையைத் தொடங்கினார். இரும்பு வளைந்து காட்டும், கார்பன் சொல்லாமல் உடையும் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வண்டியைப் பார்த்தபடியே நின்றார். அவர் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு இதமாக இருந்தது.

இரண்டு மூன்று வாரம் தவிக்கட்டும், அப்புறம் மறுபடி தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அடுத்த ஞாயிறு அவர் தன் பழைய வண்டியில் வந்தார். தூணருகே என் வண்டி நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இன்னும் ஒரே ஒரு வாரம் போகட்டும் என்று தோன்றியது. அந்த வாரம் தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, இவரு சைக்கிள அறுத்துட்டாருண்ணே.”

வேலை முடிந்து நேராக மேருவுக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டு முன்புறம் காரை நிறுத்தும் இடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பிரேம் மூன்று துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் இரும்பறுக்கும் ரம்பம். செய்தித்தாள் முழுக்கக் கரித்தூள். மாப்பிள்ளை மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, ‘வாங்க மச்சான்’ என்றார். வேறு யாருக்காவது தள்ளிவிடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லையாம்.

“எவனாச்சும் வாங்கி ஓட்டி, கீழ விழுந்தான்னா? அவனுக்கும் பிள்ளைங்க இருக்கும்ல. முழுசா குப்பையில போட்டாலும் யாராச்சும் எடுத்து ஓட்டுவாங்க. அதான்.”

பெடல் அச்சுக்குப் பக்கத்தில், நான் மூன்று முறை தட்டிய இடத்தில் சரியாக அறுத்திருந்தார். குனிந்து அந்த வெட்டுமுகத்தைப் பார்த்தேன். ஏடு ஏடாக ஒட்டியிருந்த கார்பன், மயிரிழை விரிசல்கூட இல்லாமல் இருந்தது. நிமிர்ந்தபோது மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘கரெக்டா சொன்னீங்க’ என்றோ, ‘என்ன பாக்குறீங்க’ என்றோ அவர் சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த இரண்டு சக்கரங்களைக் காட்டி, ‘இது நல்லாத்தான் இருக்கு, நீங்க போட்டுக்குங்க மச்சான்’ என்றார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரில் போட்டுக்கொண்டு வந்தேன். தங்கை கேட் வரை வந்து, ‘நீ மட்டும் அன்னிக்கு சொல்லலன்னா...’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு என் காதின் புகழ் கிள்ளானைத் தாண்டிவிட்டது. பிரிக்ஃபீல்ட்சிலிருந்தெல்லாம் வண்டியைக் கொண்டுவந்து தட்டச் சொன்னார்கள். கண் வலிக்கிறது, காது அடைக்கிறது என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தச் சக்கரங்கள் வீட்டு ஸ்டோரில் தொங்கின. மாப்பிள்ளை ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார். முன்பு போலவே என் பின்னால், தன் பழைய வண்டியில். மற்றவர்கள் புதுப் பாகங்களை மாட்டிக்கொண்டு வந்தால், எழுந்துபோய்த் தூக்கிப் பார்த்து, மனதாரப் புருவத்தை உயர்த்தினார்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. போன மாதம் டெங்கில் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம். நாங்கள் இருவரும் பின்தங்கிவிட்டோம். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு இளநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஸ்ட்ராவைச் சுழற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“அந்த சக்கரத்த ஏன் மச்சான் இன்னும் போடாம வச்சிருக்கீங்க?”

சொல்லிவிட்டேன். இணைப்பில் ஓசை அப்படித்தான் வரும் என்று தெரிந்தே சொன்னதை, அவர் என்னைத் தாண்டிப் போனதை, தூணை, அவர் முகம் விழுந்தபோது எனக்கு இதமாக இருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இளநீரைக் குடித்து முடித்தார்.

“தெரியும் மச்சான். அறுக்கும்போதே தெரிஞ்சிருச்சு. முக்கால்வாசி போனதும் உள்ள பாத்தேன். சுத்தமா இருந்துச்சு.”

“அப்ப ஏன் மிச்சத்தையும் அறுத்தீங்க? யாரையாச்சும் வச்சு ஒட்டியிருக்கலாமே.”

“உங்க தங்கச்சி எதுக்க உக்காந்து வண்டிய அசையாம புடிச்சிக்கிட்டு இருந்தா” என்றார். “நான் நிறுத்துனா ஏன்னு கேப்பா.”

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ‘அவகிட்ட இத சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, பாவம்’ என்றார். பழைய வண்டியில் ஏறி, இந்தமுறை எனக்கு முன்னால் போனார். நான் பின்னாலேயே மிதித்தேன். அந்தக் கறுப்பு சைக்கிளைப் பார்த்து எனக்கு வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. இதுதான் பொறாமை. என் தங்கை எதிரே உட்கார்ந்திருக்க, நல்ல வண்டி என்று தெரிந்தபின்பும், என் பெயர் கெடாமலிருக்க ரம்பத்தை நிறுத்தாமல் இழுத்த அந்த மனம் எனக்கு இல்லையே என்று இன்றைக்கும் எரிகிறது.

தங்கைக்கு இதுவரை தெரியாது. போன வாரம்கூட வீட்டுக்கு வந்த யாரிடமோ, எங்கண்ணன் மட்டும் சொல்லலன்னா என் பிள்ளைங்க அப்பா இல்லாம போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் தமிழில் அச்சாகி வருவது எதையும் விடாமல் படிப்பவள். நான் எழுதியது என்றால் இரண்டு முறை படிப்பாள். அது தெரிந்துதான் இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். சொல்லாதே என்று அவர் கேட்டதையும் மீறுகிறேன். அவருக்கு என்மேல் கோபம் வந்தாலும் வரட்டும். தங்கச்சி, அந்த வண்டியில் ஒன்றுமே இல்லை, நல்ல வண்டி.