தொட்டியில் ஏறிய எடை

அந்தப் பசுமைக்குடிலில் அவளுக்கு வைத்திருந்த பெயர் தராசம்மா. காலையிலும் மாலையிலும் ஒரு குடைமிளகாய்த் தொட்டியைத் தூக்கித் தராசில் வைப்பாள். இடையில் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் செடிக்குச் செலவான தண்ணீர். தொட்டி, செடி நட்டபோது அவள் வகுத்த எடைக்குக் கீழே இறங்கினால்தான் குழாயைத் திறக்க விடுவாள். போன விளைச்சலில் அவளுடைய கொழுந்தன் கண்மண் தெரியாமல் தண்ணீர் விட்டு, வேரெல்லாம் அழுகிப்போனதிலிருந்து இந்தக் கெடுபிடி.

காய் பிடிக்கும் நேரத்தில், உச்சிவெயிலில் இலைகள் தொங்கின.

"அண்ணி, செடி வாடுது. திறக்கட்டுமா?"

"தராசு போதும்னு காட்டுது தம்பி. வெயிலுக்குத் துவளுது. சாயங்காலம் சரியாயிடும்."

சரியாகவில்லை. மறுநாள் விடிந்தபோதும் துவண்டே கிடந்தன. நடைபாதையெங்கும் பூ உதிர்ந்திருந்தது.

"நான் தண்ணி விட்டுக் கெடுத்தேன். நீங்க விடாம கெடுங்க!" என்று கத்திவிட்டு அவன் குழாயடியில் போய் நின்றான்.

அவள் நேரே தராசிடம் போனாள். தராசு பழுதோ? பிரிக்காத உரப் பொட்டலம் ஒன்றை வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது. தொட்டி மண்ணில் விரலை ஆழமாக விட்டாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு இந்த எடை எங்கிருந்து வருகிறது? நட்டபோது விரல் நீளம் இருந்த செடி. இன்று அவள் இடுப்பு உயரம், கிளைக்குக் கிளை காய்.

கத்தியை எடுத்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க!"

அவன் ஓடிவருவதற்குள் செடியை அடியோடு வெட்டி, காயும் இலையுமாகத் தராசில் போட்டாள். முள் விறுவிறுவென்று ஏறியது. செடி வளர்ந்த கனத்தையெல்லாம் தண்ணீர் என்று நம்பியிருந்திருக்கிறாள்.

"திற தம்பி. முழுசா திறந்துடாதே, காஞ்ச மண்ணு பிடிக்காது, அடியில ஓடிடும். கொஞ்சம் விடு, நிறுத்து, மறுபடி விடு."

அவன் கொஞ்சம் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வரிசை வரிசையாக இலைகளைத் தொட்டுப் பார்த்தபடி அவள் நடந்தாள். மதியம் வரை ஒன்றும் அசையவில்லை. பொழுது சாயும்போது நடு வரிசையின் நுனி இலைகள் மெல்ல எழுந்தன. ஓரத்து வரிசை பிழைக்கவில்லை.

உதிர்ந்த பூ போனது போனதுதான். மிஞ்சிய காயும் சிறுத்தே வந்தது. அதன் பிறகு செடி ஒரு சாண் வளரும்போதெல்லாம் ஒன்றை வெட்டி எடை பார்த்து, தொட்டிக்கு வகுத்த எடையை அதற்கேற்ப உயர்த்தினாள். எந்தச் செடி என்று கொழுந்தனைக் காட்டச் சொல்வாள். அவன் இருப்பதிலேயே நோஞ்சானாகப் பார்த்து விரலை நீட்டுவான்.

"அது ஆகாது, எடை குறைச்சலா காட்டும். நல்லா காய்ச்சதா காட்டு" என்று அதட்டுவாள்.