தொடக் கூடாத பெட்டி

ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்ணுக்கு வேலை போய்விடும் என்கிற நிலைமையில், ஓர் ஆயுத பூஜை அன்று மாட்டிக்கொண்டேன். புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் நான். அன்றைக்கு அடைந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் சின்ன கம்பெனிதான் அதற்கு ரிப்போர்ட் அடிக்கும் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தது. ரத்தத்தைச் சோதிக்கும் மிஷினோடு வந்த கணினி ஆதிகாலத்துச் சரக்கு. எங்கள் புரோகிராமோ புதுசைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது. இரண்டையும் பேசவைக்க நான் படாத பாடு பட்டேன். இதை மாற்றினால் அது நிற்கும், அதைப் புதுப்பித்தால் இது நிற்கும். மிஷின்காரர்களைக் கேட்டால் கோளாறு உங்களுடையது என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்?

கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். ஒரு பழைய கணினிப் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்தேன். மிஷின் சொல்லும் எண்களை வாங்கி, எங்கள் புரோகிராமுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தள்ளிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. அது நின்றால் எண்கள் போய்ச் சேராது. அதனால் அதன்மேல் சிவப்பு மையில் ‘யாரும் தொடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

அப்புறம் ஒரு புகார்கூட வரவில்லை. போன் அடிக்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். டீக்கடையில் அந்தப் பெட்டியைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத நாளே இல்லை.

இந்த வருடம் கூடத்தின் முதலாளி பூஜைக்கு அழைத்திருந்தார். பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றபோது பூசணிக்காய்களும் வாழைக்கன்றுகளும் ஏறி, என் காலை வைக்க இடமில்லாமல் போயிற்று. போய்ச் சேர்ந்தால், கூடத்தில் நான் பார்த்திராத ஒரு பெண் இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இடது திரையைப் பார்ப்பதும் வலது திரையில் தட்டுவதுமாக இருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மிஷின்ல வர்ற நம்பர இதுல ஏத்திக்கினு இருக்கேன் சார். இதுக்குத்தான் என்னைய வேலைக்கு வெச்சிருக்காங்க.”

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். பெட்டி அணைந்து கிடந்தது. பொத்தான்மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, கலையாமல் அப்படியே இருந்தன. அது போன வருடத்துப் பொட்டு.

முதலாளி சந்தோஷமாகவே விளக்கினார். போன வருடப் பூஜைக்கு எல்லாக் கருவிகளுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அணைத்தார்களாம், இதையும் சேர்த்து. மறுநாள் மற்ற எல்லாவற்றையும் போட்டார்களாம்.

“இத மட்டும் யாரும் போடல. நீங்கதான தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டுப் போனீங்க?” என்றார்.

எண்கள் வராமல் போனதும், உங்களைக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவீர்கள், அதற்கு ஓர் ஆளை வைப்பது மேல் என்று முடிவு செய்தாராம். சொல்லிவிட்டுப் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக ஒரு மனுஷி என் பெட்டியின் வேலையைப் பார்த்திருக்கிறார்!

அந்தப் பெண் தினமும் கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவர்கள். மாதம் தவறாமல் வருவது இவர் சம்பளம் ஒன்றுதான். இதையெல்லாம் கேட்ட பிறகு, பொத்தான் பக்கம் நீண்ட என் கை தானாகவே பின்வாங்கியது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. இதைப் போட்டால் எண்கள் தாமாகவே போய்விடும், நீங்கள் ஏற்றத் தேவையிருக்காது என்று உடைத்துச் சொன்னேன்.

அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத்தன நாளு இது சும்மாவா கெடந்துச்சு?” என்றார். பிறகு, “ஒரு நம்பர மாத்திப் போட்டுட்டா யாருக்கு என்னா ஆவுமோன்னு தெனம் பயந்துக்கினேதான் சார் வூட்டுக்குப் போறேன்” என்றார்.

நான் தடுப்பதற்குள் குனிந்து பொத்தானை அழுத்திவிட்டார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. சற்று நேரத்தில் வலது திரையில் எண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவர் ஒவ்வொன்றாக இடது திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க ஆபீஸ்ல டைப் பண்ற வேல எதனா இருக்குமா சார்?”