என் ரத்தத்துக்கு நானே ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

முட்டாள் வேலைக்கு ஆள் எடுத்தால் நேர்முகத் தேர்வே இல்லாமல் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கான அனுபவத்தைப் போன வருட மழைக்காலத்தில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு வாடகை அறையில் படுத்தபடியே சம்பாதித்தேன்.

சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பிரிவில் வேலை. லைனில் வரும் பாகத்தை அளப்பேன். அளவு எல்லைக்குள் இருந்தால் பச்சை ஸ்டிக்கர், தாண்டினால் சிவப்பு. இதையே வருடக்கணக்கில் செய்தால் எதைப் பார்த்தாலும் ஸ்டிக்கர் ஒட்டத் தோன்றும். மெஸ் இட்லியைக்கூட விட்டதில்லை.

திடீரென்று ஒருநாள் அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி, கூடவே காய்ச்சல். பக்கத்து கிளினிக் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதினார். ரிப்போர்ட்டைப் பார்த்து, "வெள்ளணு குறைஞ்சிருக்கு. வைரஸ் காய்ச்சல்ல இப்படி இறங்கும். இந்த சீசன்ல டெங்குவான்னு பார்த்துடணும்" என்றார். பார்த்தார்கள். அதேதான். தினமும் ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும், காய்ச்சல் விட்டாலும் காட்ட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

பிளேட்லெட் என்கிற தட்டணு எண்ணிக்கை இறங்க இறங்க, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விக்கெட் விழுவதுபோல் வர்ணனை போட்டேன். எல்லாரும் பேசுவது தட்டணுவைப் பற்றித்தான் என்பதால் மற்ற வரிகளை நான் சட்டை செய்யவில்லை.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. அன்றைய ரிப்போர்ட் போனில் வந்தது. தட்டணு இன்னும் இறக்கம்தான். ஆனால் பி.சி.வி. என்ற ஒரு வரி ஏறியிருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு அது. முதல் ரிப்போர்ட்டில் நாற்பது, அடுத்ததில் நாற்பத்து மூன்று, இப்போது நாற்பத்தெட்டு. பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லை ஐம்பது வரை! 'ஆகா, ரத்தம் ஊறுகிறது, தினமும் தின்ற மாதுளம்பழம் வேலை செய்கிறது' என்று பூரித்து, மனதுக்குள் எனக்கே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். வயிறு வலித்தது, இரண்டு முறை வாந்தி வேறு. பழியைப் பழத்தின் மேலேயே போட்டேன். கம்பெனியில் அன்று ஆடிட். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டு ஓனர் அக்கா.

"இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துக்கீது, எங்க கெளம்பிட்ட?"

"காய்ச்சல் விட்டுட்டுக்கா. ரிப்போர்ட் நார்மல். இன்னிக்கு ஆடிட், போகலன்னா சூப்பர்வைசர் கொன்னுருவாரு."

"அவரு கொல்றதுக்கு நீ மொதல்ல உயிரோட போய்ச் சேரணுமே. டாக்டராண்ட காட்னியா?"

"அதான் நானே பாத்துட்டேனே!"

அக்கா ஆய்ந்துகொண்டிருந்த கீரைக்கட்டோடு எழுந்துவந்து, என் பைக் சீட்டில் ஏறிச் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, அங்கேயே ஆயத் தொடங்கினார். கெஞ்சினேன், கத்தினேன். "காட்டிட்டு எங்க வேணா போ" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டார்.

டாக்டரம்மா என் கையைத் தொட்டார். சில்லென்று இருந்ததாம். நாடியும் சரியில்லை. மூன்று ரிப்போர்ட்டுகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "உங்க லைன்ல அளவு எல்லைக்குள்ளதான் இருக்கு, ஆனா ஒவ்வொரு பீஸுக்கும் ஏறிட்டே வருது. என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"மெஷினை நிறுத்திடுவோம் மேடம்" என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது.

ரத்தம் ஊறவில்லையாம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போக, மிச்சம் கெட்டியாகிக்கொண்டிருந்ததாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரமாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போய்ச் சேர்வதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. லைனில் நின்றிருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பேன்.

சலைன் ஏறியது. மணிக்கொரு தடவை போல ஊசி குத்தி அதே எண்ணைப் பார்த்தார்கள். ஊருக்குப் பிணமாகப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். குடிக்கச் சொன்ன ஒவ்வொரு வாயையும் குமட்டக் குமட்ட விழுங்கினேன். சிறுநீரை அளந்து நர்ஸிடம் ஒப்பித்தேன். தரப் பிரிவுக்காரன் உருப்படியாக அளந்தது அதைத்தான். மறுநாள் பி.சி.வி. இறங்கியதும் டாக்டர் முகத்தில் வந்த சிரிப்பை, எந்த ஆடிட்டிலும் எந்த அதிகாரியிடமும் நான் பார்த்ததில்லை.

ஓர் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிம்மதியடையும் வழக்கம் அன்றோடு போயிற்று. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் இப்போதெல்லாம் எதையும் நம்புவதில்லை.

வீடு திரும்பிய அன்று அக்காவிடம் நெகிழ்ந்துபோய், "நீங்க மட்டும் அன்னிக்கு வண்டில ஏறி உக்காரலன்னா, இந்நேரம் நான் மாடி ரூம் செவுத்துல மாலை போட்ட படமா தொங்கியிருப்பேங்க்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செவுத்துல ஆணி அடிக்க வுட மாட்டேன்."