பரணின் நிழலில் கட்டிய கிடாய்

இறக்கக்கண்டியில் ஆட்டுக்கோ மாட்டுக்கோ புண்ணில் புழு வைத்துவிட்டால் ஆட்கள் முதலில் போய் நிற்பது அசனாவின் வேலிப் படலையில்தான். நிலாவெளியிலிருந்தும் வருவார்கள். ஒருமுறை புல்மோட்டையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் அசனா முதலில் ஆட்டைப் பார்க்கமாட்டாள். அதைக் கட்டுகிற இடத்தைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் தானே போய்க் குந்திவிடுவாள். ஒரு வாய் வெற்றிலை சப்பி முடியும் மட்டும் குந்தியிருப்பாள். மேலே பார்ப்பாள், கீழே பார்ப்பாள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்கை நீட்டுவாள். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். அவள் அப்படிக் குந்தப் பழகியது சூறாவளிக்கு அடுத்த பங்குனியில்.

அசனா பிறந்தது கிண்ணியாவில். பல்கீஸின் மூன்றாவது பிள்ளை. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். ஆனால் இறக்கக்கண்டி ஆதம்பாவா தன் கரையை விட்டு வர ஏலாது என்று ஒரே பிடியாக நின்றான். பல்கீஸ் மூன்று மாதம் யோசித்தாள். கடைசியில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டபோது அசனா, "அவர் வராட்டி நான் போறன்" என்றாள். அப்படி வந்தவள்தான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் கதைப்பதை விட்டுப் பல வருசம். எட்டுச் செம்மறி வளர்த்தாள். எல்லா வேலையும் செய்வாள், புழுவைக் கண்டால் மட்டும் ஏலாது. பழுதான மாங்காயில் ஒரு புழு நெளிந்தாலும் கத்தியைப் போட்டுவிட்டு ஆதம்பாவாவைக் கூப்பிடுவாள்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் சூறாவளி அடித்தது. அடிப்பதற்கு இரண்டு நாள் முந்தி ஆதம்பாவா மீன் பிடிக்க வள்ளத்தோடு புல்மோட்டைப் பக்கம் போயிருந்தான். வீட்டுக் கூரை போனது, ஏழு செம்மறி போனது. மிஞ்சியது ஒரு கிடாய்க்குட்டி. அதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் சுவரோடு ஒட்டி நின்றதில் அதுவும் அவளும் தப்பினார்கள். காற்று ஓய்ந்தும் புருசனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மற்றப் பெண்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. குட்டியின் தலையில் கையை வைத்து, "அல்லாஹ், அவரை உசிரோட கொண்டு வந்து விடு. இந்தக் கிடாயை, இதையேதான், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் குடுக்கிறன்" என்று நேர்ந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆதம்பாவா கரையோரமாக நடந்து வந்தான். வள்ளம் இல்லை. தோளில் ஒரு துடுப்பு மட்டும் இருந்தது.

"வள்ளம் போயிட்டு" என்றான்.

"நீங்க வந்திட்டீங்க" என்றாள் அசனா.

மாசி பிறந்ததும் அவன் தங்கச்சி புருசனுடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகத் தொடங்கினான். அந்தத் தங்கச்சியின் பெயர் பரீனா, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வளவுக்காரி. அசனாவும் அவளும் சேர்ந்துதான் கருவாடு போட்டார்கள். கம்பு நட்டு, மேலே பழைய வலையை இழுத்துக் கட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு பரண். உப்பில் ஊறிய சாளை மீனை அதில் பரப்பிக் காயவிடுவார்கள். சூறாவளி ஊரில் ஒரு மரத்தையும் விட்டு வைக்கவில்லை. வெயில் நெருப்பாக எரித்தது. வளவில் நிழல் என்று சொல்ல அந்தப் பரணின் கீழ்தான் இருந்தது. நேர்த்திக் கிடாய் வாடக் கூடாதென்று அசனா அதை அந்த நிழலில் கட்டினாள். தண்ணீர்ச் சட்டியும் பக்கத்தில் வைத்தாள்.

பெருநாளுக்கு இருபது நாள் இருக்கும்போது கிடாய் தலையை உதறத் தொடங்கியது. புல்லை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். இடப்பக்கக் காதை மண்ணில் தேய்க்கும். சூறாவளியில் பறந்து வந்து வளவில் கிடந்த தகரம் ஒன்று முந்தின கிழமை அந்தக் காதைக் கீறியிருந்தது. சின்னக் கீறல், ஆறிவிடும் என்றுதான் அவள் இருந்தாள். அன்று மயிரை விலக்கிப் பார்த்தாள். காதின் அடியில் வெள்ளையாக ஒரு குவியல், சோறு கொதிக்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

பரீனா ஓடி வந்து பார்த்தாள். "மச்சி, இது காதைத் திண்டிடும். காது குறைஞ்ச கிடாய் குர்பானுக்குச் சேராது எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"வேறொண்டை வாங்கிக் குடுக்கலாம்தானே."

"இதையேதான் எண்டு கை வைச்சு நேந்தனான் பரீனா. அவர் உசிருக்கு நேந்தது."

பரீனா வேறு கிடாய்க் கதையை அதோடு விட்டாள். அவளுக்கும் அது அண்ணனின் உசிர்தான்.

பள்ளிவாசலில் தொழுவிக்கிற கலீலுர் றஹ்மான் லெப்பையிடம் ஆள் விட்டுக் கேட்டார்கள். "கிழிஞ்சா பறவாயில்ல, துண்டு குறைஞ்சாச் சேராது" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அசனா விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கரைக்குப் போனாள். வள்ளம் தள்ளும்போது நிற்பாள். அது புள்ளியாகி மறையும் மட்டும் நிற்பாள். நேர்த்தி முறிந்தால் கடல் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடும் என்ற எண்ணம் அவள் நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது. யாருக்கும் அவள் அதைச் சொல்லவில்லை. ஆதம்பாவா மட்டும் துடுப்புப் போட்டபடி ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்ப்பான். அவள் நிற்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழில் இல்லை. கிடாயைப் பட்டணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் கொண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவருக்கு அரை டிக்கட்டா முழு டிக்கட்டா, காக்கா?" என்றான். "இவர் பெருநாள் மாப்பிள்ளை, தம்பி. வாகனத்தில வைச்சுக் கொண்டுபோறம், கும்பிடு போடு" என்றான் ஆதம்பாவா. பஸ் முழுக்கச் சிரித்தது. அசனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வைத்தியர் வயதான மனிதர். புண்ணைச் சுற்றி மயிரை ஒட்ட வெட்டினார். நெடியடிக்கிற மருந்து ஒன்றை விட்டதும் புழுக்கள் மூச்சுமுட்டி மேலே வந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போத்தலில் போட்டார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரால் கழுவினார்.

"தங்கச்சி, முட்டை போடுறது ஈ. புழுவை எடுக்கிறது பாதி வேலைதான். ஈயை இருக்கவிடாமப் பாக்கிறது மற்றப் பாதி. காலையும் பின்னேரமும் மயிரை விலக்கிப் பாருங்கோ. கழுவிப்போட்டு வேப்பெண்ணெய் பூசுங்கோ. மண்ணெண்ணெய் ஊத்தாதேங்கோ, இறைச்சி வெந்துபோகும். ஆட்டை எங்க கட்டுறனீங்கள்?"

"நல்ல நிழல்லதான், ஐயா" என்றாள் அசனா.

"அது நல்லது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து நல்ல நிழலில் கட்டினாள். கழுவினாள், பூசினாள். நாலாம் நாள் பார்த்தால் பழையபடி புழு. இந்த முறை அவள் வாந்தி எடுக்கவில்லை. முள் எடுக்கிற சாமணத்தை எடுத்துக்கொண்டு குந்தினாள். முதல் புழுவை முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தாள். பத்தாவதை நேராகப் பார்த்தே பிடித்தாள். நாற்பத்தொன்று எடுத்தாள். நாலு நாள் கழித்து மறுபடி. காதின் அடி இப்போது ஒரு நூல் பிடியில் நிற்பதுபோல் இருந்தது.

"இது புழு இல்ல மச்சி, கண்ணூறு" என்றாள் பரீனா. "ஆரோ உங்கட கிடாயைப் பார்த்து வாயூறினவங்க."

"வாயூறினது நீங்கதான். போன கிழமை எவ்வளவு கொழுப்பு எண்டீங்க."

"அது சும்மா சொன்னது."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு பரீனா சோறாக்கப் போனாள்.

உச்சி வெயில். அசனா பரணின் கீழேயே குனிந்து புகுந்து, கிடாயின் தலையை மடியில் வைத்துப் புழு எடுத்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. வேர்வை என்று நினைத்துத் துடைத்தாள். இன்னொரு சொட்டு. அதையும் துடைத்தாள். மூன்றாவது சொட்டோடு பச்சை ஈ ஒன்று வந்து அவள் கழுத்திலேயே இருந்தது. ஓட்டினாள். இரண்டாக வந்தது. துடைத்த விரலை மோந்து பார்த்தாள். மீனும் உப்பும் சேர்ந்து ஊறிய நாற்றம். தலையை நிமிர்த்தினாள். வலையில் பரப்பியிருந்த சாளை வெயிலில் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் முழுக்க ஈ.

காலையில் கழுவுகிறாள், பூசுகிறாள், பிறகு தன் கையாலேயே ஈயின் பந்தியில் கொண்டுவந்து கட்டுகிறாள். கண்ணூறும் இல்லை, ஒன்றும் இல்லை. நிழல் என்று அவள் கொடுத்ததுதான் காதைத் தின்றுகொண்டிருந்தது.

"உன்ர உம்மா ஒரு மடச்சி" என்று கிடாயின் மற்றக் காதில் சொன்னாள். சொன்ன பிறகுதான், தன் வாய் தன்னை உம்மா என்று சொன்னது அவளுக்கு விளங்கியது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

பின்னேரம் ஆதம்பாவா வந்து பார்த்தபோது கிடாய் குசினிக்குள் நின்றது. அடுப்பில் தேங்காய்ப் பொச்சுமட்டையும் முறிந்த வேம்பில் துளிர்த்த இலையும் புகைந்துகொண்டிருந்தது. தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தாள். ஒரு ஈ இல்லை.

"அப்ப நான் எங்க சாப்பிடுற?"

"அவரோட இருந்து சாப்பிடுங்க."

அவன் நடந்ததைக் கேட்டான். அவள் சொன்னாள். சொல்லி முடித்து, "என்ர பிழைதான். அவ்வளவு பெரிய நேத்தியை நேந்துபோட்டு…" என்று தொடங்கினாள். அவன் எழுந்து போனான். தான் உடுத்துகிற பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து, வலை பொத்துகிற ஊசியும் நூலும் எடுத்து வந்து கிடாய்க்கு முன்னால் குந்தினான். இரண்டு கொம்புக்கும் நடுவே முடிகிற மாதிரி, காதை மூடுகிற மாதிரி, காற்றுப் போக ஓரத்தில் இடைவெளி விட்டு ஒரு தொப்பி தைத்தான். மூன்று தரம் பிரித்துத் தைத்தான். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "பட்டணத்துத் துரைமாதிரி இருக்கான்" என்றான்.

அதற்குப் பிறகு புழு வரவில்லை. காலையும் பின்னேரமும் அவள் தொப்பியைக் கழற்றி, மயிரை விலக்கி, கழுவி, எண்ணெய் பூசினாள். தொப்பியைத் தோய்த்துக் காயவைத்தாள். புண் ஓரத்திலிருந்து சிவந்து மூடி வந்தது. ஆனாலும் காது சுருண்டு போயிருந்தது. குறைந்திருக்கிறதா, சுருங்கித்தான் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல ஏலவில்லை. விடியற்காலையில் அவள் இன்னும் கரையில் போய் நின்றாள்.

பெருநாளுக்கு முதல்நாள் லெப்பை வந்தார். குசினி வாசலில் ஊரில் பாதிப் பேர். லெப்பை கிடாயின் காதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல மறுத்துவிட்டார். ஒரு தென்னை ஈர்க்கு எடுத்து வரச் சொன்னார். நல்ல காதின் அடியிலிருந்து நுனி வரைக்கும் வைத்து, அளவாக முறித்தார். பிறகு மற்றக் காதை மெதுவாக விரித்து நீட்டி ஈர்க்கை வைத்தார். ஒருதரம் வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பரீனா அசனாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"கிழிசல் இருக்கு. குறை இல்ல" என்றார் லெப்பை. "சேரும்."

அசனா அடுப்படிக்குப் போய் அவருக்குத் தேத்தண்ணி வைத்தாள். இரண்டு தரம் சீனி போட்டாள். லெப்பை முகம் சுளிக்காமல் குடித்தார்.

பெருநாள் காலையில் கிடாயை அவளே குளிப்பாட்டினாள். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கிழிந்த காதைத் தடவி, அதன் நெற்றியில் தன் நெற்றியை ஒரு கணம் வைத்தாள். கயிற்றை ஆதம்பாவாவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நேர்ந்து கொடுத்த ஆட்டின் இறைச்சி நேர்ந்த வீட்டுக்கு ஆகாது. அதனால் அன்று மத்தியானம் ஊர் முழுக்க இறைச்சிக்கறி மணக்க, அவர்கள் இரண்டு பேரும் சோறும் சாளைக் கருவாடும் சாப்பிட்டார்கள்.

"காதைத் தின்ன வைச்சதை நாங்க தின்னுறம்" என்றான் ஆதம்பாவா.

அவள் சிரித்தாள். கண்ணும் நிறைந்தது. அவன் பொரித்த கருவாட்டில் பெரிய துண்டை எடுத்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தான்.

மறுநாள் சுபஹு முடிந்து வள்ளத்தைத் தள்ளினார்கள். ஆதம்பாவா வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான். கரையில் அசனா இல்லை. அலை தாண்டியும் பார்த்தான், இல்லை. மத்தியானம் மீனோடு வந்ததும் வராததுமாக, "என்ன புள்ள, சுகமில்லையா? கரைக்கு வரல்ல" என்றான்.

அசனா குசினித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நித்திரை கொண்டிட்டன்" என்றாள்.